களிம்பு

ஒரு தீர்ப்பு தவறாகப் படும்போது, தீர்ப்புச் சொன்ன தலையைத்தான் முதலில் பிடிக்கிறோம். அவன் மார்க்ஸியன், அதனால் அப்படிச் சொல்கிறான். இவன் உருவவாதி, இவனுக்கு வேறென்ன தெரியும். நம்மிடையே நடந்த சண்டைகளில் பாதி இந்த ரகம். தீர்ப்புச் சொன்னவனுக்கு வந்து சேர்ந்த செய்தி என்ன, அது எந்த வழியாக வந்தது என்று விசாரித்தவர்கள் குறைவு. இதை நான் யோசிக்க நேர்ந்தது புத்தகங்களின் நடுவில் அல்ல. லீவு போட்டுவிட்டு அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் அண்ணனிடம் போயிருந்தபோது, ஒரு பழைய வேனின் பின்பக்கம் குந்தியிருந்த நாட்களில்.

1978ஆம் வருஷத்து ஃபோக்ஸ்வாகன். படுக்கை, அடுப்பு, தூக்கி நிறுத்தும் கூரை எல்லாம் வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் கம்பெனி பொருத்தியது. எஞ்சின் பின்னால், தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே ஆறுவது. 1975லிருந்து அமெரிக்காவில் விற்ற இந்த வேன்களில் கார்புரேட்டர் கிடையாது. பாஷ் நிறுவனத்தின் எல்-ஜெட்ரானிக் என்ற, பெட்ரோலைப் பீச்சும் ஏற்பாடு. அண்ணனின் வேன் காலைக் குளிரில் ஒழுங்காகக் கிளம்பும். பத்து மைல் போனதும் பெட்ரோல் நெடி, கறுப்புப் புகை, தள்ளாட்டம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் ஒரே கரி. இரண்டு வருஷத்தில் அவன் இன்ஜெக்டர் நான்கையும் மாற்றியிருந்தான். காற்று அளக்கும் கருவியை மாற்றியிருந்தான். சூட்டைச் சொல்லும் சென்ஸரையும், கடைசியாக எல்லாவற்றுக்கும் மூளையான தகரப் பெட்டியையும் மாற்றியிருந்தான். அண்ணி வேனை விற்றுவிடச் சொன்னாள்.

அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள ஒரு சாயந்திரம் போதும். உள்ளே போகும் காற்று ஒரு மடலைத் தள்ளுகிறது. மடல் எவ்வளவு சாய்ந்தது என்பது மின்னழுத்தமாக மாறிப் பெட்டிக்குப் போகிறது. எஞ்சினின் சூட்டைச் சென்ஸர் சொல்கிறது: சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300. இவற்றை வைத்து, இன்ஜெக்டர்கள் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும் என்று பெட்டி முடிவு செய்கிறது. அது எஞ்சினைப் பார்த்ததில்லை. ஒயர் கொண்டுவரும் எண்தான் அதற்கு உலகம். பிற்காலத்துக் கார்களைப்போலப் பழுதை ஞாபகம் வைத்துச் சொல்லும் திறமையும் அதற்கு இல்லை.

எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தோம். மடல் அறியாத காற்று அந்த வழியாக நுழைவதால் ஓட்டம் தடுமாற வேண்டும். தடுமாறாவிட்டால், ஏற்கெனவே வேறெங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது என்று அர்த்தம். தடுமாறியது. ஆக, அது சரி.

பாங்கில் லெட்ஜர் காலத்து மனிதர் ஒருவர் எனக்குச் சொல்லித் தந்தது இது: கணக்கு உதைக்கும் தொகை 9ஆல் வகுபட்டால் ஆளைச் சந்தேகிக்காதே, எங்காவது இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா பார், 54 என்பது 45 ஆகியிருக்கும். பிழைக்கும் ஓர் உருவம் உண்டு. குளிரில் சரி, சூட்டில் கோளாறு என்பதும் ஓர் உருவம்தான்.

எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தினோம். ஒயரைக் கழற்றிவிட்டுச் சென்ஸரின் வாயில் மல்டிமீட்டரை வைத்தேன். 180 ஓம். ஒயரை மாட்டிவிட்டு, அது பெட்டியில் போய்ச் சேரும் முனையில் அளந்தேன்.

“எவ்வளவுடா?”

“ரெண்டாயிரத்து முந்நூறு.”

அண்ணன் எழுதுவதை நிறுத்தினான்.

கொதித்துக்கொண்டிருந்த எஞ்சினைப் பற்றிப் பெட்டிக்குப் போன செய்தி, அது ஆறிக் கிடக்கிறது என்பது. பெட்டி இன்னும் பெட்ரோல் கொடுத்தது. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எண் எப்படியும் பெரியது. கூடச் சேர்ந்தது உறைக்கவில்லை. தனக்கு வந்த செய்திக்குப் பெட்டி நேர்மையாகவே நடந்தது. எஞ்சினை மூடிய தகட்டுக்கு அடியில், ஒயர் இணையும் இடத்தில் பச்சைக் களிம்பு. நாற்பது வருஷத்துக்கு மேலான ஈரம். யாரையும் நோக முடியாது.

அண்ணனிடமிருந்த கைநூல், ஃபோக்ஸ்வாகனை உயிரோடு வைத்திருப்பது பற்றி ஜான் மியூர் என்ற எஞ்சினியர் 1969இல் எழுதியது. அந்தப் பெயர் எனக்கு வேறொரு மியூரை ஞாபகப்படுத்தியது. காஃப்காவின் ‘கோட்டை’ நாவலை மாக்ஸ் பிராட் தம் கைப்படச் செப்பனிட்டு 1926இல் வெளியிட்டார். அதை எட்வின் மியூரும் வில்லா மியூரும் 1930இல் ஆங்கிலமாக்கினார்கள். பிராடுக்கும் எட்வின் மியூருக்கும் அது கடவுளருளைத் தேடிப் போகும் ஒருவனின் கதை. கையெழுத்துப் பிரதியை வைத்து மால்கம் பேஸ்லி பதிப்பித்தது 1982இல். அதன் வழியே மார்க் ஹார்மனின் ஆங்கிலம் வந்தது 1998இல். இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலத்தின் வழியே காஃப்காவைப் படித்து, அவரை ஆன்மீகவாதி என்று கொண்டாடியவர்களும் அதற்காகவே நிராகரித்தவர்களும் ஒரே ஒயரின் முனையில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களின் தர்க்கத்தில் குறை கண்டுபிடிப்பது சிரமம். எந்தப் பதிப்பு, யாருடைய மொழிபெயர்ப்பு என்ற கேள்வியை நாம் பண்டிதர்களின் வேலை என்று தள்ளிவிடுகிறோம். விமர்சனம் தொடங்கும் இடமே அதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஒயரின் தோலைச் சீவிக்கொண்டே அண்ணன் அப்பாவின் பேச்சை எடுத்தான். அப்பா போனது 2017இல். அண்ணன் வரவில்லை. அவனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லையாம் என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். அவனிடம் அவள் சொன்னது: “தம்பி எல்லாத்தையும் பாத்துக்கிட்டான். நீ அலைய வேண்டாம்னு அவனே சொல்றான்.” நான் அப்படிச் சொன்னதில்லை. அவனும் டிக்கெட்டுக்கு அலைந்ததில்லை. அவளுக்குக் கிடைத்த இந்த இரண்டு வாக்கியங்களின்மேல் நாங்கள் வருஷக்கணக்கில் அவரவர் நியாயத்தைச் சேதமில்லாமல் கட்டிவைத்திருந்தோம்.

இங்கே களிம்பு என்று எதைச் சொல்வது? இருவர் மனமும் நோகாமல் பார்த்துக்கொள்ள ஒரு கிழவி பட்ட பாட்டையா? உவமையை இதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும். ஒயரைச் சுரண்டிப் புது முனை வைக்கலாம். அம்மாவும் இப்போது இல்லை. எங்களால் செய்ய முடிந்தது, இரண்டு முனைகளிலும் வந்து சேர்ந்த வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது மட்டும். அதுவும் இத்தனை வருஷம் கழித்து, ஒரு வேன் ஓடாததால்.

மறுநாள் பசிபிக் கரைவரை ஓட்டினோம். புகை இல்லை. அண்ணன் அதிகம் பேசவில்லை. நானும்தான்.

கழற்றிப் போட்ட பழைய பெட்டி அவனுடைய அலமாரியில் இருந்தது. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அதை மாட்டி ஓட்டிப் பார்த்தோம். அதில் ஒரு கோளாறும் இல்லை.