செங்கடலின் சிடுமூஞ்சி மீன்



விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்களுக்குச் செங்கடல் புதிய பெயரன்று. பிழைப்பு தேடி ஜித்தா சென்ற பிள்ளைகள், உம்ரா முடித்துத் திரும்பிய பெரியவர்கள் எனப் பலர் அதன் கரையில் நின்றவர்களே. ஆயினும், அந்த அலைகளின் அடியில் என்னென்ன வாழ்கின்றன என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

2024-ஆம் ஆண்டு அக்கடலிலிருந்து ஓர் அரிய செய்தி வந்தது. ஜித்தாவுக்கு வடக்கே துவல் என்னும் ஊரில் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உள்ளது. அதன் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, அதுவரை எவரும் பெயரிட்டிராத ஒரு மீனைப் பவளப் பாறைகளிடையே கண்டறிந்தனர். அதன் நீளம் 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு புளியங்கொட்டை அளவே எனலாம்!

உருவமோ விந்தையிலும் விந்தை. செக்கச் சிவந்த உடல், மேல்நோக்கிய வாய், அச்சிற்றுடலுக்குப் பொருந்தாத பெரிய கோரைப் பற்கள். படத்தைக் கண்ட என் மகள், "அத்தா, இதற்கு யார் மேல் இவ்வளவு கோபம்?" என்று கேட்டாள். ஆய்வாளர்களுக்கும் அவ்வாறே தோன்றியது போலும். சிடுமூஞ்சி என்னும் பொருள்படவே அதற்குப் பெயர் வைத்தனர். சூவியோட்டா ஏத்தோன் என்பது அறிவியல் பெயர். நம் கழிமுகங்களில் காணும் உளுவை மீனுக்கு அது தூரத்து உறவு.

செந்நிறச் சுண்ணாம்புப் பாசி படர்ந்த பாறைச் சுவர்களின் சிறு துளைகளே அதன் வீடு. சிவப்போடு சிவப்பாய் மறைந்திருக்கும் அதனை, முக்குளித்தவர்கள் நீர்த்த கிராம்பு எண்ணெயால் மயக்கி எடுத்தனர். ஆம், பல்வலிக்கு நாம் வைக்கும் அதே எண்ணெய்தான்!

முதலில், 1972-இல் ஒரே ஒரு முறை கிடைத்த வேறொரு செந்நிற மீனே மீண்டும் அகப்பட்டது என்று அவர்கள் கருதினர். அத்துடன் நின்றிருந்தால் இம்மீன் இன்றும் பிறர் பெயரிலேயே இருந்திருக்கும். உறுப்புகளை நுணுகி ஒப்பிட்ட பின்னரே இது வேறினம் என்பது புலப்பட்டது.

இத்தனைச் சிறிய மீனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பவளப் பாறைகளில் இரையாகும் மீன்களின் மொத்த நிறையில் ஏறத்தாழ 60 விழுக்காடு இத்தகைய மறைந்து வாழும் குறுமீன்களே என்று 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. அவற்றுள் ஒருவகை இரண்டு மாதம்கூட முழுமையாக வாழ்வதில்லை! விரைந்து பிறந்து, விரைந்து இரையாகி, பெரிய மீன்களை வாழவைப்பவை இவையே.

நம் தமிழகத்திலும் பவளப் பாறைகள் உண்டு. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை நீளும் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி அவை அமைந்துள்ளன. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எனினும், சுண்ணாம்புக்காக அங்கே பவளம் வெட்டப்பட்ட காலமும் இருந்தது. வெட்டிய ஒவ்வொரு பாறையிலும் எத்தனை துளைகள்! அத்துளைகளில் குடியிருந்தவற்றுக்குப் பெயரிட எவரேனும் இருந்தனரா? பெயர் அறியப்படாதது அழிந்தால், அழிந்தது என்று சொல்லவும் ஆளிருக்காதே!

ஆகவே, அன்புச் சகோதர சகோதரியரே! மரக்காணத்து மீன் கூடையில் கிடக்கும் ஒரு பொடிமீனைக் காட்டி உங்கள் பிள்ளை, "இது என்ன?" என்று கேட்டால், "ஏதோ ஒரு மீன்" என்று தள்ளிவிடாதீர்கள். மீன் விற்கும் அம்மாவிடம் அதன் பெயரைக் கேட்டுச் சொல்லுங்கள். அவருக்கும் தெரியவில்லையெனில், தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.