இங்கே வா, கம் ஹியர்

எங்க லயத்துப் பக்கம் போனுக்கு ஒழுங்கா சிக்னல் கிடைக்கிற இடம் ஒண்ணுதான். கோயிலுக்குப் பின்னால இருக்கிற கல்லு. 2020இல் பள்ளிக்கூடங்களை மூடினப்போ ஏ.எல். சூம் வகுப்புக்காக நாங்க நாலைஞ்சு பேர் குடையோட போய் உட்கார்ந்த கல்லு அது. போன செமஸ்டர் லீவில் டிக்கோயாவுக்கு வந்தப்போ மறுபடியும் அதே கல்லில் போய் உட்கார்ந்தேன். இந்த முறை, சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கான ஒன்லைன் கோர்ஸ் ஒன்றுக்காக.

கெம்பஸ் முடிஞ்சா டீச்சிங்தான் என்பது எங்க வீட்டில் எப்பவோ முடிவான விஷயம். ஆனால் எனக்கு வேற ஒரு காரணமும் இருந்தது. நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு துண்டைக் கொண்டுவந்து, "இதுல என்னா போட்டிருக்கு, வாசி பார்ப்போம்" என்று நீட்டினார். நாலு வருசம் ஆங்கிலப் பாடம் படிச்சவள் நான். ஒரு வரிகூட விளங்கவில்லை. அம்மா ஒண்ணும் சொல்லவில்லை. துண்டை மடிச்சு மறுபடியும் பையில் வைத்துக்கொண்டார். அந்த மடிப்பு இன்னும் ஞாபகம் இருக்கு.

இந்த மாதிரி கோர்ஸ்கள் இப்போ நிறைய. பிரிட்டிஷ் கவுன்சில் ஃபியூச்சர்லேர்ன் தளத்தில் ஒன்று நடத்தியிருக்கிறது. அமெரிக்க அரசாங்கத்தின் ஈ-டீச்சர் திட்டத்திலும் இருந்தது. நான் எடுத்தது எது என்பது இங்கே முக்கியமில்லை. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான்: சின்னப் பிள்ளை இலக்கணத்தால் மொழி படிக்காது. பாட்டு, கதை, விளையாட்டு, உடம்பு அசைவு, இதுகளால்தான் படிக்கும்.

இலங்கைக்கு இது புதுசும் இல்லை. 1999இல் நாடு முழுக்க வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில், முதல் இரண்டு தரங்களில் புத்தகம் இல்லாமல் செயற்பாடுகள் மூலம் வாய்மொழியாக ஆங்கிலம் என்றும், முறையான பாடம் தரம் 3இல் தொடங்கும் என்றும் கொண்டுவந்தார்கள். தாளில் நல்ல திட்டம். என் முதல் இரண்டு வருசத்தில் எனக்குக் கிடைத்தது "குட் மோர்னிங் டீச்சர்" மட்டும்.

கோர்ஸில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் உருவாக்கிய முறை. டீச்சர் ஒரு கட்டளையைச் சொல்லி, தானே செய்து காட்டுவார். பிள்ளைகள் கேட்டுக் கேட்டுச் செய்வார்கள். பேசச் சொல்லி யாரும் நெருக்க மாட்டார்கள். கைக்குழந்தையும் முதலில் "வா", "தா" என்பதைக் கேட்டுச் செய்துவிட்டுத்தானே பிறகு பேசுது? அதே கணக்கு. செலவே இல்லை. வீடியோவில் வந்த வகுப்பறையில் கலர் கலராப் படப்புத்தகம், கைப்பொம்மை, கம்பளம் எல்லாம் இருந்தது. எங்ககிட்ட இருந்தது கோயில் மண்டபமும் ஒன்பது பிள்ளைகளும்.

பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கினோம். ஸ்டேண்ட் அப், சிட் டவுன், கம் ஹியர், கோ. மூணாவது நாளே பிள்ளைகள் தப்பில்லாமல் செய்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்னைக்கு ராத்திரிதான் ஒரு விஷயம் உறைச்சுது. மலையக வரலாறு பற்றி வாசிக்கும்போது பார்த்த புத்தகப் பெயர் ஒன்று. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டத்துத் தமிழைப் படிக்க வழிகாட்டிப் புத்தகங்கள் வைத்திருந்தார்கள். அதில் ஒன்றின் பெயரே "இங்கே வா". சின்னத்துரைமாருக்கான பொக்கட் தமிழ் வழிகாட்டி. 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய இன்னொன்றின் தலைப்பு "கூலித் தமிழ்". துரைக்குத் தேவைப்பட்ட தமிழ் அவ்வளவுதான்: வா, போ, எடு, செய்.

நான் கோயில் மண்டபத்தில் நின்று என்ன செய்துகொண்டிருந்தேன்? அதே வா, போ. மொழிதான் ஆங்கிலம். ஒருத்தி முன்னால் நின்று சொல்ல, ஒன்பது பேர் வாயைத் திறக்காமல் செய்கிறார்கள். நூற்றைம்பது வருசத்துக்கு மேலே பெரட்டுக் களத்தில் நடந்ததும் இதுதானே. முறை தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டால், நாம் வளர்ப்பது ஆங்கிலம் கேட்டால் எழும்பி நிற்கிற பிள்ளைகளைத்தான்.

திரும்பப் போய்ப் பாடத்தைப் பார்த்தால், அந்த மறுபாதியும் அங்கேயே இருக்கு. பிள்ளைகளுக்குக் காது பழகினதும் இடம் மாற வேண்டும். அவர்கள் கட்டளை சொல்ல, டீச்சர் செய்ய வேண்டும். டேட்டா முடிகிற அவசரத்தில் நான் அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன்.

அடுத்த நாள், "இன்னைக்கு நீங்கதான் டீச்சர்" என்றேன். ஒரே அமைதி. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பெரியவங்களை வேலை ஏவுறது எங்க பிள்ளைகளுக்குப் பழக்கமே இல்லையே. கடைசியில் மூணாம் வகுப்புக்காரி ஒருத்தி, வாயைக் கையால் மூடிக்கொண்டு, "அக்கா, சிட் டவுன்" என்றாள். உட்கார்ந்தேன். சிரிப்பு கிளம்பியது. "ஸ்டேண்ட் அப்." எழும்பினேன். அதுக்குப் பிறகு என்னை விடவில்லை. ஓடு, குதி, கூரையைத் தொடு. கூரைக்கு ஆங்கிலம் என்னா என்று அவர்களே கேட்டார்கள். கொழுந்து பறிக்கிறதுக்கு என்னா, கூடைக்கு என்னா என்றும் கேட்டார்கள். நான் சொல்லிக் கொடுக்கத் திட்டமிடாத சொற்கள்தான் அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது.

கோர்ஸை முடித்துவிட்டேன். சான்றிதழுக்குக் காசு கட்ட வேண்டும் என்றதால் எடுக்கவில்லை. இரண்டு கிழமைதான் வகுப்பு நடந்தது. அதுக்குள்ளே யாரும் ஆங்கிலம் பேசப் பழகிவிடவில்லை, அப்படிச் சொன்னால் பொய். லீவு முடிந்து நான் கெம்பஸுக்குக் கிளம்பிய காலையில், பஸ் ரோட்டுக்கு இறங்குகிற படியில் மேலே இருந்து ஒரு சத்தம்.

"அக்கா, கம் ஹியர்!"

மூணாம் வகுப்புக்காரிதான். பையைக் கீழே வைத்துவிட்டு ஏறிப் போனேன்.