தொடரும்

தெற்குக் கொல்கத்தாவில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் ஒரு வீடு. கூடத்தில் இரண்டு புத்தக அலமாரிகள். ஜன்னலோரம் இருப்பது மகளுடையது. ஹாரி பாட்டர் ஏழு பாகங்கள், ‘ட்வைலைட்’ நான்கு, ‘ஹங்கர் கேம்ஸ்’ மூன்று. விருந்தாளிகள் கண்ணில் படாத பின்வரிசையில் மில்ஸ் அண்ட் பூன் காதல் கதைகள். மற்றது அம்மாவுடையது. சாமி படங்களுக்குக் கீழே அதில் இருப்பவை ஐந்தே புத்தகங்கள். காலிகோ அட்டை; முதுகில் பெயர்கூடக் கிடையாது.

மகளுக்கு வயது 38. வங்கியில் அதிகாரி. தொடர் நாவல் என்றால் சாப்பாடு வேண்டாம். பள்ளிக்கூட நாட்களில் கோல்பார்க் நடைபாதைக் கடைகளே அவருக்கு நூலகம். பழைய புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டுக் கசங்காமல் திருப்பிக் கொடுத்தால் பாதி விலை கிடைக்கும். மூன்றாம் பாகம் கையில் இருக்கும். இரண்டாம் பாகம் யாரிடமோ இருக்கும். அது வந்து சேரும்வரை மூன்றைத் திறக்காமல் காத்திருப்பார். அந்த வயதில் அவர் கடைப்பிடித்த ஒரே விரதம் அதுதான்.

அலுவலகத்தில் கிண்டலுக்குக் குறைவில்லை. ‘திதி, இன்னும் சின்னப் பிள்ளைகள் புத்தகமா?’ என்று கேட்கும் வங்காளி சக ஊழியரைப் பதிலுக்கு ஃபெலுடா பற்றிக் கேட்டால் போதும். தேநீர் ஆறும்வரை பேசுவார். சத்யஜித் ரே 1965ல் ‘சந்தேஷ்’ சிறுவர் பத்திரிகையில் அறிமுகப்படுத்திய துப்பறிவாளர் ஃபெலுடா. 1970 முதல் ‘தேஷ்’ இதழின் பூஜா மலர்களிலும் வரத் தொடங்கினார். பூஜை நெருங்கினால் புதுத் துணியோடு புது ஃபெலுடாவையும் எதிர்பார்த்த ஊர் இது. 1992ல் ரே மறைந்தபோது, பல வீடுகளில் ஃபெலுடாவுக்கும் சேர்த்தே துக்கம் காத்தார்கள். மாயக் கதைகளும் இங்கே புதிதல்ல. தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் தொகுத்த ‘தாகுர்மார் ஜுலி’ 1907ல் வெளிவந்தது. பாட்டிமார் சொன்ன ராட்சசர் கதைகளும் பேசும் பறவைகளின் கதைகளும் கொண்ட அந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர் தாகூர்.

அதனால்தான் 2007ல் நடந்தது வேறு எந்த ஊரிலும் நடந்திருக்க முடியாது. அந்த ஜூலை 21ஆம் தேதி ஹாரி பாட்டரின் கடைசிப் பாகம் வெளியானது. அறுநூறு பக்கங்களுக்கு மேல். அப்போது கல்லூரி மாணவியான மகள் சனிக்கிழமை காலை திறந்து ஞாயிறு மாலை மூடினார். மூடிவிட்டு அழுதார். அம்மா எதுவும் விசாரிக்கவில்லை. காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ‘முடிஞ்சுடுத்தா? எனக்கும் அப்படித்தான் இருந்தது’ என்றார். எது முடிந்தபோது என்று மகள் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து துர்க்கா பூஜை. சால்ட் லேக் எஃப்.டி. பிளாக்கில் பந்தலையே ஹாக்வர்ட்ஸ் மாயப் பள்ளியாகக் கட்டியிருந்தார்கள். துணியாலும் காகிதக் கூழாலும் கோபுரங்கள், ஆளுயரக் கதாபாத்திரங்கள், நடுவே மகிஷாசுரமர்த்தினி. செய்தி லண்டனுக்குப் போயிற்று. அனுமதியில்லாமல் கட்டியதற்கு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டு எழுத்தாளர் ஜே.கே. ரௌலிங் தரப்பு தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விழா முடியும் அக்டோபர் 26 வரை பந்தல் நிற்கலாம், இழப்பீடு தர வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். மகளும் வரிசையில் நின்று பார்த்தார். ஜூலையில் அழுத அழுகை அங்கேதான் ஆறியது. தேவியைப் பத்து நாள் கொண்டாடிக் கங்கையில் கரைக்கத் தெரிந்த ஊருக்கு, முடிந்துபோன கதைக்கு விடைகொடுக்கவும் தெரிந்திருக்கிறது என்று தோன்றியது.

அம்மாவின் ஐந்து புத்தகங்களை மட்டும் அவர் திறந்ததே இல்லை. காரணம் எளிது, வெளியே சொல்லத்தான் கூச்சம். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளியில் ஆங்கிலம், இந்தி, வங்காளம், வீட்டில் தமிழ். கொல்கத்தாத் தமிழர் வீடுகளில் இது அதிசயமில்லை.

2019ல் அம்மாவின் கண்ணில் கோளாறு ஆரம்பித்தது. விழித்திரையின் நடுப்பகுதி பழுது என்றார் டாக்டர். எதிரே இருப்பவரின் தோள் தெரியும், முகம் தெரியாது. தாளின் ஓரம் தெரியும், எழுத்து தெரியாது. மதிய நேரங்களில் அம்மா அந்த ஐந்தில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். ஒலிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார் மகள். இரண்டே நாளில் அது ஓரம் போயிற்று. ‘யாரோ வாசிக்கறா. நிறுத்துன்னா நிறுத்த மாட்டேங்கறா.’

அப்போதுதான் அந்தப் புத்தகங்களின் கதை வெளியே வந்தது. அவை பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்கள். 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை ‘கல்கி’யில் வாராவாரம் வந்ததைக் கும்பகோணத்தில் பாட்டி கத்தரித்து எடுத்து பைண்டு செய்தது. மணியம் வரைந்த படங்கள் அப்படியே இருக்கின்றன. அத்தியாயம் முடியும் பக்கத்தின் பின்புறம் பாதி விளம்பரம், பாதி ஜோக். 1980ல் கல்யாணமாகிக் கல்கத்தா வந்த அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பட்டுப் புடவைக்கு அடியில் அவையும் வந்தன. வங்காளம் ஒரு வார்த்தை தெரியாது. கணவர் இரவுதான் வருவார். ‘இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சவான்னா வந்தியத்தேவனும் பூங்குழலியும்தான்’ என்றார் அம்மா.

மகள் தமிழ் அரிச்சுவடி வாங்கினார். வங்காளத்தில் நான்கு எழுத்து செய்யும் வேலையைத் தமிழில் ஒரே ‘க’ செய்கிறது. எங்கே எப்படி ஒலிக்கும் என்று தடுமாறினார். நாலு மாதம் கடைப் பலகைகளையும் காபித்தூள் பொட்டலத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு ஒரு மாலை முதல் பாகத்தைத் திறந்தார். வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வந்துகொண்டிருந்தான். ஒரு பக்கம் படிக்க அரை மணி நேரம் ஆனது. ‘பழுவேட்டரையர்’ வந்த இடத்தில் அம்மா நிறுத்தினார். ‘ளு இல்லை, ழு. நாக்கை மடி.’ அம்மாவுக்குப் பாதி மனப்பாடம். மகள் தடுக்கும் சொல்லை அவர் கண்ணை மூடியபடியே எடுத்துக் கொடுப்பார்.

அந்தத் தொடர் முடிந்தபோது கல்கிக்கும் வாசகர் கேள்விகள் குவிந்தன. அவர் என்ன ஆனார், இவள் என்ன ஆனாள் என்று கேட்டவர்களுக்கு அவர் முடிவுரையில் பதில் எழுத வேண்டியிருந்தது. அம்மா இதைச் சொன்னபோது மகள் சிரித்துவிட்டார். கடைசி ஹாரி பாட்டரைப் படித்துவிட்டு அவரும் தோழிகளும் பேசித் தீர்த்தது அதைத்தான். 2007ல் காபியோடு வந்த அந்த வாக்கியத்துக்கும் இப்போதுதான் பொருள் தெரிந்தது.

இப்போது இரண்டாம் சுற்று. மூன்றாம் பாகம், ‘கொலை வாள்’. நாளுக்கு ஒரு அத்தியாயம். அது அம்மா வைத்த கணக்கு. மகளின் வேகம் கூடிவிட்டது. சில நாள் அவரே இன்னொன்று படிக்கட்டுமா என்பார். ‘நாளைக்கு என்ன படிப்பே?’ என்று அம்மா கையை நீட்டுவார். புத்தகத்தை வாங்கிப் பக்கங்களைத் தடவி நேராக்கி, பழைய பட்டு நாடாவை அந்த இடத்தில் வைத்து மூடிவிட்டுச் சொல்வார்: ‘தொடரும்.’