பழைய கை

தாமிரபரணிக் கரையில் கட்டும் வீட்டின் வரைபடத்தில் ஒரு மாற்றம் சொல்ல, வண்ணார்பேட்டைக்குப் போயிருந்தேன். ஆட்டோகேடில் கோப்பே திறக்கவில்லை. புதிதாக வந்த பையன் ‘ரிகவர்’ என்று தட்டினான். நல்லவேளை, திண்ணையோடு வீடு திரும்பி வந்தது. ஆனால் வட்டம் போட ‘சி’ என்று அடித்தால் நகல் எடுத்தது! முன்பிருந்தவர், சுருக்கக் கட்டளைகள் உள்ள பிஜிபி கோப்பைத் தம் கைப்பழக்கத்துக்கு மாற்றி வைத்திருந்தாராம். பையன் அதற்கு ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத் திருத்தி, ‘ரீஇனிட்’ கொடுத்தான். வட்டம் விழுந்தது.

“அவர்தான் துபாய் போயிட்டாரே, பிரதி எதுக்குடே?” என்றேன்.

“வந்தா தேடுவாருல்லா, அண்ணாச்சி.”

நான் பேசவில்லை. அப்பா காலமானதும் அவர் பேனாவில் தேய்ந்திருந்த முள்ளை மாற்றிவிட்டேன். எழுத்து நன்றாகத்தான் வருகிறது. அவர் கைச்சாய்வு மட்டும் போய்விட்டது.