ஆறு லீற்றர் பால்

பால் சேகரிக்கிற நிலையம் ஒன்றுக்கு நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சின்னக் கணக்கு மென்பொருள் செய்து குடுத்திருந்தோம். பெரிய விசயம் ஒன்றுமில்லை. ஆர் எத்தனை லீற்றர் ஊத்தினது என்று போனில் பதிந்தால், மாத முடிவில் ஆளுக்காள் சிட்டை வரும். ஒருநாள் அங்கிருந்து அழைப்பு. அம்மா ஒராள் கொப்பியோட வந்து நிக்கிறாவாம். முதலாம் திகதி ஊத்தின ஆறு லீற்றர் சிட்டையில இல்லையாம்.

நாங்கள் முதலில் அவவின்ர கொப்பியைத்தான் சந்தேகப்பட்டோம். எழுதக் கூச்சமாக இருக்கு, ஆனால் அப்படித்தான் நடந்தது.

போன மாதம் எங்கட கோட்டில் திகதி எடுக்கிற பகுதி அலங்கோலமாகக் கிடக்குது என்று, அதைத் துப்பரவாக்கித் தரச்சொல்லி ஏஐயிடம் கேட்டிருந்தோம். முந்நூறு வரி மாற்றம் தந்தது. அதற்குள் ஓரிடத்தில் இலங்கை நேரத்தை விட்டுவிட்டு யூடிசி நேரத்தில் திகதியை எடுத்திருக்கிறது. இலங்கை நேரம் யூடிசிக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு. அதாவது இங்கே விடிய 5.30 ஆகும்வரை அந்தக் கணக்கில் இன்னும் நேற்றுத்தான். காலை ஒன்பது மணிக்குத் திறக்கிற கடைக்கு இது செய்திருந்தால் ஒருத்தருக்கும் தெரியவந்திராது. பால் ஊத்துற ஆக்கள் விடிய அஞ்சு மணிக்கே வந்திடுவினம். அந்த அம்மாவின் பால் ஒவ்வொரு நாளும் முதல்நாள் திகதியில் விழுந்திருக்கிறது. மாதத்துக்குள்ளே என்றால் கூட்டுத்தொகை மாறாது. முதலாம் திகதிப் பால் மட்டும், முந்தின இரவே முடித்துப் பூட்டிவிட்ட போன மாதக் கணக்குக்குள் போய் விழுந்து காணாமற் போனது. அவவுக்கு மட்டுமில்லை, அஞ்சரைக்கு முதல் வந்த எல்லாருக்கும். கொப்பி வைத்திருந்தது அவ ஒராள்தான்.

டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டினது. அந்த டெஸ்டுகளையும் ஏஐதான் எழுதித் தந்திருந்தது. திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் நேரம் மத்தியானம் பன்னிரண்டு!

எங்களை உறுத்துவது வேறொரு விசயம். அதே கிழமை, புதிதாகச் சேர்ந்த தம்பி பன்னிரண்டு வரியில் ஒரு மாற்றம் அனுப்பியிருந்தான். அதை மூன்று நாள் வைத்திருந்தோம். ஏன் இந்தப் பெயர், இந்த வரி என்னத்துக்கு, இது வெறுமையாக வந்தால் என்ன நடக்கும் என்று கேட்டுக்கேட்டு அவன் களைச்சுப்போனான். ஏஐ தந்த முந்நூறு வரியையோ இரவு பதினொரு மணிக்கு, சாப்பிட்ட கையோடு அப்ரூவ் பண்ணினோம். தம்பியின் கோட் தடுமாறினது, அதனால் வாசித்தோம். மற்றது தடுமாறவே இல்லை. பெயர்கள் ஒழுங்கு, விளக்கக் குறிப்புகள் அழகு. வாசித்த மாதிரி ஒரு உணர்வு வந்தது, வாசிக்கவில்லை.

அன்றைக்கு எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். "இனி மனிசர் எழுதினதை மட்டும்தான் எடுக்கிறது" என்றான் ஒருவன். தம்பிதான் எக்ஸ்-இசட் கதையை எடுத்தான். லினக்ஸ் ஓடுகிற கணக்கில்லாத சேர்வர்களில் இருக்கிற, கோப்புகளைச் சுருக்குகிற ஒரு மென்பொருள் அது. சம்பளமில்லாமல் அதைப் பராமரித்துக் களைத்துப்போயிருந்த ஒருவருக்கு, ஜியா டான் என்ற பெயரில் ஒராள் 2021 இலிருந்து மாற்றங்கள் அனுப்பி உதவி செய்தார். உண்மையாகவே பயன்பட்ட மாற்றங்கள். மெல்ல மெல்லப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. 2024 தொடக்கத்தில் வெளிவந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அவர் ஒரு பின்கதவை வைத்தார். ஒளித்து வைத்த இடம் டெஸ்டுக்கென்று போட்ட கோப்புகளுக்குள். அன்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்கிற பொறியியலாளர் வேறெதையோ அளந்துகொண்டிருந்தபோது, லொகின் ஆக அரைச் செக்கன் கூட எடுக்குதே என்று கிண்டப்போய் அகப்பட்டது. மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார்.

இரண்டு வருசத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக இருந்து சம்பாதித்த நம்பிக்கை அது. ஆளைப் பார்த்து நம்பினாலும் இப்படி, அழகைப் பார்த்து நம்பினாலும் இப்படி. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. தம்பி பிழை விட்டால் அடுத்தமுறை அவனுக்கு அது உறைக்கும். அவனிடம் "ஏன்" என்று கேட்டால், தெரியாதென்றால் முழிப்பான். அந்த முழியே எங்களுக்கு ஒரு தகவல். ஏஐயிடம் ஏன் என்று கேட்டால் பிழையான வரிக்கும் நல்ல காரணம் சொல்லும். நேரப் பிழையைப் பற்றிப் பிறகு கேட்டுப்பார்த்தோம். யூடிசி எடுப்பதுதான் சிறந்த வழக்கம் என்று பணிவாக விளக்கினது. பொதுவாகப் பார்த்தால் அது சொன்னதும் சரிதான், சேமிக்கிறதுக்கு. விடிய அஞ்சு மணிக்கு மாடு கறக்கிற ஊரை அதுக்கு நாங்களும் சொல்லேல்லையே.

இப்போது எங்களிடம் ஒரு வழக்கம். கோட்டை ஆர் எழுதினாலும், அனுப்புகிற ஆள் அதை வாயால் விளங்கப்படுத்த வேணும். "ஏஐ தந்தது" என்பது விடையில்லை. காசையும் திகதியையும் தொடுகிற இடமென்றால் டெஸ்டை முதலில் நாங்கள் எழுதுவோம், இரண்டு பேர் பார்ப்போம். முந்நூறு வரி ஒன்றாக வந்தால் திருப்பி அனுப்புவோம், துண்டு துண்டாகக் கொண்டுவாவென்று. வேகம் குறைஞ்சுபோச்சுத்தான். சிலவேளை எரிச்சலும் வரும்.

பழைய பதிவுகளைத் திருத்தி, விடுபட்ட காசை எல்லாருக்கும் அடுத்த சிட்டையில் சேர்த்துக் குடுக்கச் செய்தோம். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது, அவ கொப்பியின் அந்தப் பக்கத்தை ஒருக்காப் படமெடுத்துக் கொள்ளட்டோ என்று கேட்டோம். எங்கட டெஸ்டில் இப்போது அவவின் ஒரு மாதக் கணக்கு அப்படியே இருக்கு, ஒவ்வொரு நாளும் விடிய 4.50, 5.05, 5.10 என்று.

நேற்று நாற்பது வரியில் ஒரு மாற்றம் வந்தது. தம்பி ஒரு கேள்வி எழுதியிருக்கிறான்: "மாதம் முடிகிற அன்று இரவு கரண்ட் போனால்?" அனுப்பினவர் எங்களில் மூத்தவர். இன்னும் பதில் போடவில்லை, மாற்றமும் உள்ளே போகவில்லை.