மாவுக்கட்டும் மூன்று நிமிடமும்

நவம்பர் 2

மழை ஈரத்தில் வண்டி சறுக்கி, வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. ராத்திரி பிளிட்ஸ் செஸ் ஆடாமல் படுக்கிற பழக்கம் எனக்கில்லை. இடது கட்டைவிரலால் போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 4

என் ஆட்டம் எப்படி இருந்தது என்று எழுதி வைக்கத் தோன்றுகிறது.

நான் ஆடுவது 3+0. ஆளுக்கு 180 நொடி. காய் நகர்த்தினால் கூடுதல் நேரம் கிடையாது. ஆட்டம் நாற்பது நகர்த்தல் போனால் ஒன்றுக்கு நாலரை நொடி. அதனால் யோசிக்கிற வேலையை எதிராளியின் தலையில் கட்டிவிடுவது என் வழி. கறுப்பில் ஸ்டாஃபோர்ட் கேம்பிட். சிப்பாய் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பேன். வெள்ளை தன் பிஷப்பை ஜி5இல் வைத்து, என் குதிரை இனி ராணியை விட்டு அசையாது என்று நினைக்கும். குதிரை அசையும், இ4இல் இருக்கும் சிப்பாயை எடுக்கும். அவர் ராணியை எடுத்தால், இரண்டு பிஷப்பும் குதிரையும் சேர்ந்து இரண்டே நகர்த்தலில் மேட். இந்தத் திறப்பு தேறாது என்றுதான் கம்ப்யூட்டர் சொல்லும். ஆனால் எதிரே இருப்பவர் மனிதர். அவருடைய கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைசி நொடிகளில் பிரீமூவ். எதிராளி ஆடும் முன்பே என் நகர்த்தலைப் போட்டு வைத்துவிடுவேன். நான் ஆடும் லிசெஸ் தளத்தில் அதற்கு நேரமே கழியாது. யானை ஒன்று குறைவாக இருந்தும், மூன்று நொடியை வைத்துக்கொண்டு ஜெயித்திருக்கிறேன்.

நவம்பர் 5

இடது கையால் ஆடினேன். எல்லாமே நேரத்தில் போயின.

நவம்பர் 9

உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் விதி ஒன்று ஞாபகம் வந்தது: காயை நகர்த்திய கையால்தான் கடிகாரத்தையும் அழுத்த வேண்டும். நேரில் ஆடுகிறவருக்கும் அப்போது ஒரு கைதான்.

வேகம் கையிலா இருக்கிறது? விஸ்வநாதன் ஆனந்த் சென்னையின் டால் செஸ் கிளப்பில் பிளிட்ஸ் ஆடி வளர்ந்தவர். மின்னல் சிறுவன் என்று பெயர் எடுத்தவர். 2017 டிசம்பரில், ரியாத்தில், 48 வயதில் உலக ரேபிட் பட்டம் வென்றார். அதே ஊரில் பிளிட்ஸில் மூன்றாம் இடம். எதிரில் உட்கார்ந்தவர்களில் பலருக்கு அவர் வயதில் பாதிதான். அவர்களை விடவா அவர் கை வேகம்?

நவம்பர் 14

அக்கா மகள் வந்திருக்கிறாள். பத்தாம் வகுப்பு. "நீங்க சொல்லுங்க மாமா, நான் நகர்த்துறேன்" என்று மவுஸைப் பிடித்தாள்.

வாயால் சொல்லி முடிக்க ஒரு நொடி, அவள் நகர்த்த ஒரு நொடி. 3+0 சரிப்படவில்லை. 3+2க்கு மாற்றினோம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு நொடி சேரும். உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பும் அதே கணக்கில்தான் நடக்கிறது.

"எச்5" என்றேன்.

"அந்தச் சிப்பாயை எதுக்கு மாமா தள்றீங்க?"

"தள்ளினா அவன் பயப்படுவான்."

"பயப்படலன்னா?"

கடிகாரம் ஓடியது. சிப்பாயை விட்டுவிட்டுக் கோட்டை கட்டச் சொன்னேன்.

நவம்பர் 15

அவள் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். ராத்திரி முழுக்கக் கை குடைச்சல்.

நவம்பர் 22

ஸ்டாஃபோர்ட் பொறியில் ஒருவர் மாட்டினார். ஏழாவது நகர்த்தலில் என் ராணியை எடுத்தார், எட்டாவதில் மேட். எத்தனை பேர் வைத்த பொறியாக இருந்தாலும், ராணியை விட்டுவிட்டுக் காத்திருக்கும் அந்த நொடியில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இந்தச் சந்தோஷத்தை யாருக்காகவும் விட்டுத்தர மாட்டேன்.

நவம்பர் 26

ஆடவே பிடிக்கவில்லை.

டிசம்பர் 1

இன்று 3+2இல் யானை முடிவாட்டம் ஒன்று. அவரிடம் யானையும் ஒரு சிப்பாயும். என்னிடம் யானை மட்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிலிடோர் எழுதிவைத்த தற்காப்பு இதற்கென்றே இருக்கிறது. நம் ராஜா சிப்பாய்க்கு எதிரே நிற்க வேண்டும். யானை நம் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் குறுக்கே நின்று அவர் ராஜாவை மறிக்க வேண்டும். சிப்பாய் அந்த வரிசைக்குள் காலை வைத்ததும் யானை பலகையின் மறுகோடிக்கு ஓடி, பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிப்பாயும் முன்னால் வந்துவிட்டதால் அவர் ராஜாவுக்கு ஒளிய இடம் இருக்காது.

அப்படியே செய்தேன். கட்டைவிரல் மெதுவாகத்தான் போனது. ஆனாலும் அடுத்து எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. நகர்த்த நகர்த்த என் நேரம் ஏறியது. டிரா.

அக்கா மகளுக்கு அந்த ஆட்டத்தை அனுப்பினேன். "ஒவ்வொண்ணுக்கும் ஏன்னு எனக்கே புரியுது மாமா" என்று பதில் போட்டாள்.

டிசம்பர் 16

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை மெலிந்திருக்கிறது; மணிக்கட்டு பாதிதான் மடங்குகிறது. வந்ததும் மவுஸைப் பிடித்து 3+0 ஒன்று ஆடினேன். எச்5 தள்ளும் இடம் வந்தது, தள்ளினேன். அவர் பயப்படவில்லை. நேரமும் போயிற்று.

பிசியோதெரபி ஜனவரி வரை. அதுவரை 3+2. பிறகு எதை ஆடுவேன் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது.