நாலரை மணி நேரம்

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். இடைநில்லா விமானம் இதனை ஏறக்குறைய நாலரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. ‘சபர்’ சென்ற நம் முன்னோர்க்கோ இது நாள் கணக்கில் நீண்ட கடற்பயணம். 1985-இல் ‘சிதம்பரம்’ கப்பல் தீக்கிரையான பின் அவ்வழியும் ஓய்ந்தது.

மையித்தை விரைந்து அடக்குதல் நம் மார்க்க நெறி. ஆதலின், இப்பயண நேரம் எம் போன்ற குடும்பங்களுக்கு வெறும் எண்ணன்று. பாட்டனார் மறைந்தபோது சிங்கையிலிருந்த எம் தந்தையார்க்குத் தந்திதான் சென்றது. ‘ரஜூலா’ கப்பலில் வந்தவர் கபுரைத்தான் கண்டார். அதனை அவர் இறுதிவரை சொல்லிச் சொல்லி வருந்தியதை யாம் அறிவோம்.

அத்தந்தையார் ஒரு வைகறையில் மறைந்தார். சிங்கையிலிருந்த எம் தம்பி, அங்கே காலை பத்து மணிக்கு விமானம் ஏறினார். அந்நாட்டுக் கடிகாரம் நம்மினும் இரண்டரை மணி முந்தியது. ஆகவே சென்னையில் அவர் இறங்கியபோது நண்பகல் பன்னிரண்டே. அஸர் தொழுகைக்குப் பின் ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தார். பாட்டனார்க்குத் தந்தையாரால் செய்ய இயலாததைத் தந்தையார்க்கு மகன் செய்தார்.

விமானம் பிரிவை ஒழித்துவிடவில்லை. ஆயினும், இறுதியாக ஒருமுறை முகம் காணும் பேற்றை நமக்கு அளித்துள்ளது.